வீட்டுக்காரர் அளவு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிப் பைக்குள் எறிந்தாள்.

"இதுல காட்டுனது என் பிரஷர் இல்லக்கா, எங்க வீட்டுக்காரரு பிரஷர்."

"உன் கையிலதான கெடந்துச்சு?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"நெஞ்சுல அடிக்கிற துடிப்பு கைக்கு எம்புட்டு வேகமா வருதுன்னு பாத்துக் கணக்குப் போடுமாம். அதுக்கு மொதல்ல பிரஷர் மிஷின்ல பாத்த அளவைப் பதியணும். அவரு தன் அளவைப் பதிஞ்சு எனக்கு மாட்டிவிட்டுட்டாரு. தலை சுத்துதுன்னா, 'வாட்ச்ல நார்மல், நடிக்காத'ங்காரு. இன்னைக்கு டாக்டர் மிஷின்ல என் பிரஷரைப் பாத்துட்டுப் பதறிட்டாரு."

"வீட்ல போயி என்ன சொல்லப் போற?"

"என் ஜாக்கெட் அளவுக்கு அவருக்கு ஒரு சட்டை தைக்கக் குடுக்கப் போறேன். போட்டுட்டு நார்மல்னு சொல்லட்டும்."