ரைட்டர் சொன்னது

இரவல் புத்தகத்தில் கோடு போடும் பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. அந்த வரலாற்று நாவலின் மூன்றாம் பாகத்தில், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டவர் மல்லிகா. அதன்மேல் படிந்திருக்கும் கறைக்கு மட்டுமே நான் பொறுப்பு.

அந்தப் பக்கத்தில்தான் நாயகி அரங்கவல்லி கோட்டையின் வடக்கு வாயிலைப் பகைவருக்குத் திறந்துவிடுகிறாள். ஏன் திறந்தாள் என்று நாவல் சொல்வதில்லை. அது அச்சமன்று, தெளிந்த முடிவு என்று நிறுவுவதே என் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு ஆண்டு உழைப்பு. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. நூலாசிரியரின் எண்ணம் பொருட்டல்ல, வாசகரே பொருளைப் படைக்கிறார் என்பது அதன் முதல் அத்தியாயம். ஆசிரியர் புனைபெயருக்குள் மறைந்து வாழ்பவர். சேர்வராயன் மலையில் எங்கோ இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை.

அதே மலையில், ஒண்டிக்கடை என்ற ஊர்ப்பகுதியில் ஒரு மாடியறையில் கூடும் வாசகர் வட்டம், சென்ற சனிக்கிழமை என்னைப் பேச அழைத்திருந்தது. பேசி முடித்ததும், கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்த மல்லிகா, வட்டத்தில் இரவல் வாங்கிய மூன்றாம் பாகத்தோடு எழுந்தார்.

"ஏனுங்க சார், முடிவு கிடிவுன்னு நொம்பப் பெருசாச் சொல்றீங்க. அந்தப் புள்ள பயந்துபோயித் தொறந்துபோட்டாளுங்க. அவ்வளவுதான்."

"ஆதாரம்?" என்றேன்.

"எங்க ரைட்டரே சொன்னாருங்க. 'பயந்தான் கண்ணு, வேற ஒண்ணுமில்ல'ன்னு."

"அப்பச் சாரு இன்னும் நாலு வருசம் படிக்கோணும்" என்றார் பழக்கடை தனபால். அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ரைட்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். "வாங்க, எங்கூட்டுக்குப் போற வழிதானுங்க" என்று மல்லிகா அழைத்துச் சென்றார். பஸ்ஸை விட்டு இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே நடந்தோம். நல்ல வெயில். அவர் சொன்னதை இனி எங்கும் சொல்ல வேண்டாம் என்று முறையாகக் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு பொஸ்தகத்துக்குப் போயி இப்படியுங்களா?" என்று மறுபடி சிரித்தார்.

சரிந்து கிடந்த மதிலிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். முதல் அடியில் அவர் விழவில்லை. கையிலிருந்த புத்தகத்தால் முகத்தை மறைத்தார். ஆகவே புத்தகத்தின் மேலேயே அடிக்க வேண்டியதாயிற்று. விழுந்த பிறகும் வாய் அசைந்தது. அசைவு நிற்கும்வரை அடித்தேன். எதையும் பாதியில் விட்டுவிடுவது என் வழக்கமன்று.

எஸ்டேட் ஆபீஸ் தாழ்வாரத்தில் முதியவர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ரைட்டர் நீங்கள்தானே?"

"ஆமாங்க சாமி, பெருமாளுங்க. ஏனுங்க, சட்டையெல்லாம் ரத்தம்? எங்கயாச்சும் விழுந்துட்டீங்களா?" என்று பதறி எழுந்தார்.

"எல்லாம் நீங்கள் எழுதியதா?"

"இருவது வருசமா ஒவ்வொரு பேரும் என்ற கையெழுத்துதானுங்க."

"அரங்கவல்லி பயந்தாளா?"

"மல்லிகா சொல்லுச்சுங்களா? பின்னே, பயப்படாம இருக்க முடியுங்களா?"

கல் இன்னும் என் பையில் இருந்தது.

அவர் தலை சாய்ந்த நோட்டை அதன் பிறகே படித்தேன். அன்று வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள். மல்லிகாவின் பெயருக்கு எதிரே, 'அரைநாள்'.

எஸ்டேட்டில் ஆள்வருகை எழுதுபவரை ரைட்டர் என்பார்கள் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். நாவலை எழுதியவர் அவரல்ல. மூன்று பாகங்களையும் படித்த ஒரு வாசகர், அவ்வளவே. இந்த வாக்குமூலத்தை எழுதும் காவலரையும் நீங்கள் ரைட்டர் என்றே கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் நான் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.

இருவரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளட்டும். நூலாசிரியரின் எண்ணம் பொருட்டல்ல என்ற கொள்கையில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. நீங்கள் நினைத்தால் அந்த உண்மையான ஆசிரியரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அவரிடம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: அவள் பயந்தாளா?