மூன்று பழமும் நசுங்கவில்லை

சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“மூணு பழமும் நசுங்கவே இல்லக்கா,” என்றாள் இளையவள்.

“எந்தப் பழம்?”

“எலுமிச்சம்பழம்லா. எங்க வீட்டுக்காரரு புதுசா, பாய் விரிச்சுக் காத்துல ஓட்டுற பாய்போட் ஒண்ணு வாங்குனாருல்ல, மூணு போட்ட சேத்துக் கட்டுன மாதிரி இருக்கும். அது வச்சிருக்கவங்கல்லாம் ஞாயித்துக்கிழமை ஆத்து முகத்துல கூடி, ஒண்ணா ஓட்டிட்டுச் சாப்பிட்டுட்டு வருவாங்க. போன வாரம்தான் இவருக்கு மொத தடவ. புதுக் காடி வாங்குனா டயருக்கு வைக்கிற மாதிரி மூணுக்கும் அடியில பழம் வச்சேன்.”

“சரி.”

“போட்ட தள்ளுனா, பழம் மணல்ல அமுங்கிடுச்சு. தண்ணி ஏறவும் போட்டுக்கு முன்னாடி மெதந்து போவுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. பழம் நசுங்கலன்னா ஆவாதுல்ல.”

“இப்ப என்னா செஞ்ச?”

“இன்னிக்குத் தீவு வரைக்கும் போறாங்க. காலையில வீட்டு வாசல்லயே, போட்ட ஏத்திட்டுப் போற டிரெய்லர் டயருக்கு வச்சிட்டேன். நல்லா நசுங்கிடுச்சு.”

“டிரெய்லருக்கு ரெண்டு டயர்தானே? மூணாவது பழம்?”

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அத நானே மிதிச்சிட்டேன்க்கா. அவருக்கு நீச்சல் தெரியாது.”