சக்கரத்துக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம்

ஒரு எலுமிச்சம்பழம் சார்... ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அதுக்குப் போயி, பிளைட்ல ஏறி உக்காந்த அறுவது பேரையும் எறக்கி, திரும்ப இங்கயே கொண்டாந்து குந்த வச்சிட்டாங்க பாருங்க. நீங்களும் அதுல ஏறுனவருதானே? அதான்... ஒரு மணி நேரமா அந்த லேப்டாப்பையே தட்டிக்கிட்டு இருக்கீங்க, செத்த நேரம் நம்மகிட்டயும் பேசுங்க.

நமக்கு வலங்கைமான் பக்கம். பேரு துரைராசு. ரெண்டு டிராக்டர் வாடகைக்கு ஓடுது. புது வண்டி எடுத்தா என்ன செய்வோம்? சக்கரத்துக்கு ஒண்ணா நாலு பழம் வச்சு, நசுக்கிட்டுத்தான் கெளப்புவோம். அறுப்பு மிஷினு வந்தப்பவும் வச்சோம். ஒருத்தன் ஏன்னு கேக்கல. இங்க என்னடான்னா ரெண்டு எஞ்சினியரு மல்லாக்கப் படுத்து டார்ச் அடிக்கிறாங்க. பழத்தக் கையால தொடாம குச்சியால தள்ளி, பிளாஸ்டிக் பையில போட்டு... பாம்பப் புடிச்ச மாதிரி கொண்டு போறாங்க சார்.

வண்டியப் பாத்தா நம்ம மினி பஸ்ஸுக்கு றெக்க கட்டுன மாதிரி இருக்கு. அதுல ஏற ஆயிரம் சட்டம். மஞ்சக் கோட்ட விட்டு நகராதீங்க, றெக்கைக்கு அடியில பூந்துறாதீங்க, போன எடுக்காதீங்க, கைப்புடியப் புடிச்சு ஒவ்வொருத்தரா ஏறுங்க... தோள்ல கெடந்த துண்டக்கூட மடிச்சுப் பையில வைக்கச் சொல்லிருச்சு அந்தப் புள்ள. காத்துல பறந்து போயி றெக்கையில இருக்கற விசிறியில மாட்டிக்குமாம். விசிறி நின்னுக்கிட்டுதானேம்மா இருக்குன்னேன். நின்னாலும் சுத்துதுன்னு நெனச்சுத்தான் நடக்கணும், ஐயான்னுச்சு.

அதோ, கதவு பக்கத்துல பளிச்சுன்னு பச்சச் சட்ட மாட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அந்தப் புள்ளதான். பேரு குந்தவை. சட்டையில எழுதியிருக்கு சார், படிச்சேன். மூணு நாளாத்தான் தனியா நிக்க விட்டிருக்காங்க. அது... யாரோ பேசிக்கிட்டாங்க. கோட்டத் தாண்டாம எல்லாரையும் கொண்டு போயி ஏத்துறது அதோட பொறுப்பு. கடேசில மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு படியில தடுமாறிருச்சு, இது ஓடிப்போயித் தாங்கிப் புடிச்சிச்சு. அந்த ஒரு நிமிசந்தான் சார். அந்த ஒரு நிமிசத்துல எவனோ கோட்ட விட்டு எறங்கி...

இப்ப அந்த டை கட்டுன ஆளு என்ன கேள்வி கேக்குறான் பாருங்க. நாளைலேர்ந்து வராதன்னு சொல்லிருவானோ? ரெண்டு வருசம் அலைஞ்சு கெடச்ச வேல அது. அழுவுதா? அழுவாது. கன்னுக்குட்டிய ஆறு அடிச்சுக்கிட்டுப் போனப்பவே அழுவாத புள்ள.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

சரி... எம்மவதான். பெத்த அப்பன ஐயாங்குது. வர்றதுன்னா வாங்கப்பா, ஆனா தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீங்க, எல்லாரையும் நடத்துற மாதிரிதான் நடத்துவேன்னு முன்னாடியே சொல்லிருச்சு. சென்னையில எனக்கு ஒரு சோலியும் கெடையாது சார். அது வேல பாக்குறதப் பாக்கத்தான் டிக்கெட் போட்டேன். எம்மவ ஆளேத்தி அனுப்புற வண்டி, பழம் வைக்காம கெளம்பலாமா? மாரியம்மன் கோயில்ல வச்சு வாங்குன பழம். செக்கிங்ல கேட்டாங்க, பித்தத்துக்குன்னு சொன்னேன். வரிசையில நாந்தான் கடேசி. அது அந்தப் பொண்ணு பக்கம் திரும்புச்சு, நான் குனிஞ்சு உருட்டி விட்டேன். ஆமா, றெக்கைக்கு அடியில பூந்தேன்தான்.

அதுக்குத் தெரியும் சார். இந்த வேலைய அப்பனத் தவிர வேற யாரு செய்வான்னு தெரியாதா? இங்க வரைக்கும் கேக்குது பாருங்க, என்ன சொல்லுதுன்னு.

"யாருன்னு கவனிக்கல சார். என் தப்புதான்."

கேட்டீங்களா... பொய் சொன்னா வாயில சூடு வப்பேன்னு சொல்லி வளத்தவன் நானு.

இல்ல சார், உக்காந்திருக்க முடியல. அது நல்லா இருக்கணும்னு வச்ச பழம். செத்த இந்தப் பையப் பாத்துக்கங்க. உள்ள இன்னும் மூணு பழம் கெடக்கு... அது, மத்த சக்கரத்துக்கு. தண்ணி தவிச்சா புழிஞ்சு குடிங்க. துண்டு பையிலயே இருக்கட்டும்.

இங்கயும் தரையில மஞ்சக் கோடு போட்டிருக்காங்க, பாத்தீங்களா... அந்தாளுகிட்ட வரைக்கும் போவுது. கோட்டு மேலயே போறேன் சார்.