ஊதச் சொன்ன கிழமையும் மூச்சடைத்த நாளும்

இன்று 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை மணி பத்து இருபது. எதிரில் நூற்றுத் தொண்ணூறு பேர், அதில் ஆண்கள் முப்பத்தொருவர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

கரையில் மீனுக்கு விலை சொல்லி, இந்த அவைக்குத் தலைமையும் தாங்கும் நானா எக்குவா அவர்களே! அலையை அடக்கி வரும் படகுத் தலைவர்களே! புகையோடு போராடிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஃபான்டே இனத் தாய்மார்களே! மருத்துவமனையில் மூச்சளக்கும் கருவி பிடிப்பவன் வணங்குகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

ஆஸ்துமா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா? ஒன்றென்றே நடத்தினோம். சிறுவயதில் அது பையன்களை அதிகம் பிடிக்கிறது. பருவம் வந்தபின் பக்கம் மாறிப் பெண்களை அதிகம் பிடிக்கிறது. சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி முற்றுகிறது. இதை ஒருத்தி யாரிடம் சொல்வாள்? எங்கே சொல்வாள்? எப்படிச் சொல்வாள்?

சொன்னாள் ஒருத்தி! மீனைப் புகையில் வாட்டி விற்கும் அராபா!

கடல் தெய்வத்தின் ஓய்வு நாள் என்று யாரும் கடலுக்குப் போகக்கூடாத செவ்வாயில்தான் எங்கள் மூச்சுச் சோதனை. அதுவும் மாதத்தின் முதல் செவ்வாயில். படகுக்காரர்களுக்கு வசதி. அவள் கணவன் பான்யின் ஊதினான்; நோய் தெரிந்தது, மருந்து கிடைத்தது. அராபா மூன்று மாதம் வந்து ஊதினாள். மூன்று முறையும் மூச்சு சீர். "மனக்கவலை" என்று எழுதி அனுப்பினார் மருத்துவர். அடுத்த வாரமே அடுப்படியில் உதடு நீலம் பாரித்து விழுந்தாள்.

நான்காம் முறை வந்தாள். கூடம் நிறைய மீனவர்கள். எழுந்து நின்றாள்.

"தம்பி, தூரம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எனக்கு நெஞ்சு அடைக்குது. உன் செவ்வாய்க்குள்ள அது போயிடுது. அப்புறம் எதை அளக்கப் போற?"

"ஏய் அராபா, இதையெல்லாமா சபையில பேசுறது?" என்றார் ஒரு படகோட்டி.

"நடுக்கடல்ல உனக்கு வயித்தால போனதைக் கரை முழுக்கச் சொல்லிச் சிரிச்சியே அண்ணே, அது எந்தச் சபை?"

சிரிக்கிறீர்கள்! அந்த அண்ணன் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார், அவரும் சிரிக்கிறார்!

பான்யின் எழுந்தான். "எனக்குத் தினமும் கொஞ்சம் இழுக்கும். இவளுக்கு மாசத்துக்கு ஒரு தடவை வந்து உயிரையே எடுக்குது. பக்கத்துல படுக்கிறவன் சொல்றேன், எழுதிக்கப்பா."

நெஞ்சடைக்கும் நாளிலேயே வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை வந்து ஊதினாள்: நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து லிட்டர்! மருந்தை உறிஞ்சவைத்துக் கால்மணி நேரம் கழித்து ஊதினாள்: முந்நூற்று நாற்பது! கவலையா இது? கால்மணியில் கரையும் கவலை எந்தக் கரையில் இருக்கிறது? இன்று அவள் கையில் மருந்து இருக்கிறது, தினமும் எடுக்கிறாள். கூடம் நிறைந்த ஆண்கள் நடுவே தன் உடம்புக்காகத் தானே வாதாடி வென்ற வாய் அது! அந்த வாய்க்கு என் வணக்கம்!

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. எல்லாக் கிழமையும் சோதனை வைப்பேன். மருத்துவமனை மறுத்தால் கருவியோடு உங்கள் அடுப்படிக்கே வருவேன்.

2. "மனக்கவலை" என்று அனுப்பப்பட்ட பெண்களை வீடு தேடிப்போய் அழைப்பேன். எந்த நாளில் இழுக்கிறது என்று கேட்டபின்பே ஊதச் சொல்வேன்.

3. இப்போதே ஒலிவாங்கியை அராபாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய் உட்காருவேன். தாய்மார்களே, வெட்கப்படாமல் அவளிடம் கேளுங்கள். உங்கள் மூச்சு நீளட்டும், வணக்கம்!