லோரின்ஸுக்கு நான் ஆற்றிய இரங்கல் உரை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு முட்டை அவிக்க வைத்தேன். எனக்கு மஞ்சள்கரு இறுகக் கூடாது. நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் அந்த நாளே கெட்டுவிடும். என்னைப் பற்றி இதைத் தெரிந்துகொண்டால் மீதி எளிதில் புரியும்.

எட்டரைக்குள் பக்கத்து வீட்டு லோரின்ஸ் இறந்துவிட்டான்.

அவனை ஊருக்கே பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பன்றி அறுக்கும் நாளில் எந்த வீட்டிலும் முதல் கோப்பைச் சாராயம் அவனுக்குத்தான். நானோ முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவன். புடாபெஸ்ட் வண்டி தாமதம் என்று சொல்லும் முகத்தின் மேல் யாருக்கு ஆசை வரும்? என் மனைவி இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் என்னோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொருவராக அவன் முற்றத்துக்குப் போனார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசியில் நானும் போனேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபரில் எங்கள் நிலவறைப் பீப்பாய்களில் திராட்சைச் சாறு ஒயினாகப் புளித்துப் பொங்கும். அப்போது வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, மூச்சை நிறுத்திவிடும். தண்ணீர்போலத் தரையில் தேங்கி நிற்கும். அதனால் எரியும் மெழுகுவர்த்தியைக் கழியில் கட்டி, முன்னால் நீட்டிக்கொண்டே படியிறங்குவோம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். வயதானவர்களின் நிலவறைகளில் லோரின்ஸே இறங்கிப் பார்த்துச் சொல்வான்.

ஆகஸ்டில் அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையும் காலியாக இருக்கும் என்றேன். இன்னும் எத்தனை நாள் கிழவன் மாதிரி மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு அலைவாய் என்றும் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். கேலி செய்தால் கேட்டுக்கொள்வான்; மெழுகுவர்த்தியை விட்டுவிட்டான். நல்லவர்களிடம் இந்தக் குறை உண்டு. நான் கொடுத்த பரிசுகளில் ஊர் பாராட்டியது அது ஒன்றைத்தான்.

பேட்டரி விளக்கு அணையாது. அதுதான் அதன் சிறப்பு.

அன்று முட்டையைத் தின்றுவிட்டு, மெழுகுவர்த்தியோடு என் நிலவறையில் இறங்கினேன். எட்டாம் படியில் அணைந்தது. ஏற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன். மறுபடி அதே படியில் அணைந்தது. நான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவன். மேலே வந்து, பீப்பாய்க் குழாய் ஒழுகுகிறது, என் இடுப்பு வளையவில்லை என்று வேலிக்கு மேலாக லோரின்ஸைக் கூப்பிட்டேன். விளக்கை மாட்டிக்கொண்டு உடனே ஓடிவந்தான்.

வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தான். "யெனோ, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்டா."

"அப்பறம் கேளு. அங்க ஒயின் வீணாப் போவுது."

"மெழுகுவத்தி வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

அது பொய்யில்லை. இந்த விஷயத்தில் ஆரம்பம் முதல் முடிவு வரை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, குழாயையும் இடுப்பையும் தவிர.

வெளிச்சம் எட்டாம் படியைத் தாண்டி நன்றாகவே போனது. பிறகு தரையில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்நூறு வரை எண்ணினேன். தாமதத்தைக் கணக்கிடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. அதற்குப் பிறகு கத்தினேன். நான் கத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விளக்கு வாங்கிக் கொடுத்த பாவி நான்தானே என்று அழுதேன். ஐந்து பெண்கள் என்னைத் தேற்றினார்கள். சொந்த மனைவி செத்தபோது தேற்றியது இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை அடக்கம். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் பாதிரியார் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். பதினோரு நிமிடம் பேசினேன். பனிக்காலத்தில் அவன் தன் வாசலுக்கு முன்பே என் வாசல் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்ததையும், வேலை செய்யும்போது அவன் அடிக்கும் சீட்டியையும் சொன்னேன். சீட்டி வந்த இடத்தில் கல்லறைத் தோட்டமே அழுதது. நானும் அழுதேன். எழுதும்போதும் அதே இடத்தில்தான் அழுதேன்.

எழுதியது முந்தின ஞாயிறு. அவன் அப்போது எதிரே தன் மரத்தடியில் சீட்டியடித்தபடி வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பத்திக்கு அது மிகவும் உதவியது.

அடக்கம் முடிந்து எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வீடுகளில் பன்றி அறுக்கும் நாளுக்குக் கூப்பிட்டார்கள். இவ்வளவு நாள் நான் கேட்டது இதைத்தான். பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. விருந்தில் லோரின்ஸின் மனைவி பிரோஷ்கா முதல் தட்டை எனக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, போன ஞாயித்துக்கெழம நீங்க ஜன்னலாண்ட எதையோ எழுதிக்கிட்டே அழுதீங்களாமே. அத அவரு பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கலண்ணே. 'யெனோ தனியாக் கெடக்கான், எழுதி வச்சிட்டு ஏதாவது பண்ணிக்கப் போறான்டி'ன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. கேக்கவும் கூச்சம், கேக்காம இருக்கவும் முடியல. அன்னைக்கு நீங்க கூப்பிட்டதும், குடிச்சிட்டிருந்த காப்பிய அப்படியே வச்சிட்டு ஓடி வந்தாரு. உங்ககிட்ட கேட்டாராண்ணே?"