ஆக்டோபஸ் முட்டை

நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் துப்புரவு வேலை முடித்து வருகிறவர்கள். சின்னவள் திடீரென்று சொன்னாள்:

"அந்த ஆக்டோபஸ் முட்ட பொரிஞ்சிச்சா இல்லையான்னு தெரியாம ஞாயித்துக்கெழமையிலேருந்து வேலையே ஓடலக்கா."

"எந்த ஆக்டோபஸ்டி?"

"யுனிவர்சிட்டி லைப்ரரில சயின்ஸ் படம் சும்மாவே போடறாங்க. தாய் தின்னாம கொள்ளாம முட்டையக் காத்துக்கினு கெடக்குது. நைட் ஷிப்டுக்கு நேரமாச்சேன்னு பாதியில எழுந்து வந்துட்டேன்."

"ஒன்ன எப்பிடி உள்ள வுட்டாங்க?"

"நானும் வாசல்ல ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் பாஸை நீட்டிக்கினு நின்னேன். அங்க நின்ன லைப்ரரி அம்மா அதப் பாக்கவே இல்ல. முன்னாடி ஒக்காருங்க, அங்கதான் நல்லாத் தெரியும்னாங்க."

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"பர்மனென்டா கான்ட்ராக்டான்னு கேக்கலையா?"

"கேக்கல. இந்த ஞாயித்துக்கெழம அதே படத்த மறுபடியும் போடறாங்களாம்."

வடலூர் நிறுத்தம் வந்தது. பெரியவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு பேருக்கும் மொத ஷிப்டு கேக்கறேன். சாயந்திரம் போயி முன்னாடியே ஒக்காருவோம். முட்ட பொரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."