வலிக்காத ஆசிட்

தொண்ணூறுகளில், அவிநாசி ரோட்டு டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஓர் ஆராய்ச்சி மாணவன். பக்கத்தில் அவன் சீனியர் பெண்.

"சிலிக்கான் வெளிச்சம் குடுக்காதும்பாங்க. ஆசிட்ல பொடிப்பொடியா ஓட்டை அரிச்சு, யூவி லைட்டு காட்டுனேன். செவப்பா ஒளிர்ந்துதுங்க்கா!" மடியிலிருந்த டப்பாவைத் தட்டினான்.

"வெரல் ஏன் வெளுத்திருக்குது?"

"கிளவுஸ் கிழிஞ்சிருந்துது, டேப் ஒட்டிப் போட்டுக்கிட்டேன். வலிக்கவே இல்லீங்க்கா."

அவள் குரல் மாறியது. "அந்த ஆசிட் மொதல்ல வலிக்காது கண்ணு. உள்ள எலும்பு வரைக்கும் போயிரும். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கு."

"காத்துப் பட்டா வெளிச்சம் மங்கிருமுங்க. மொதல்ல சார் பாக்கோணும்."

"நான் காட்டறேன், டப்பாவைக் குடு."

தரவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டி பஸ் வேகமெடுத்தது. அப்போது அவனே டப்பாவை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, இப்ப வலிக்குதுங்க."